ஜூலை இருபது, திங்கட்கிழமை

இன்று ஜூலை இருபது. காலையில் காபியை வாயில் வைப்பதற்குள் கைபேசி மணியடித்தது. எங்கள் தெருக்காரர்களின் குழுவில் யாரோ ஒரு படம் போட்டிருக்கிறார்கள். வெள்ளை உடை, பெரிய தலைக்கவசம், காலடியில் சாம்பல் நிற மண். கீழே கொட்டை எழுத்தில், 'வரலாற்றில் இன்று: மனிதன் நிலவில் கால் பதித்த நாள்.' அதற்கு வரிசையாகப் பத்துப் பதினைந்து பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நிலவில் கால் வைத்ததற்கு எதற்குக் கும்பிடு என்பது எனக்குப் புரியவில்லை, அது வேறு விஷயம். எனக்கு வந்தது கோபம். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, 'தப்பு. நாளைக்குப் போடவும்' என்று அனுப்பினேன்.

எதிர்வீட்டுத் தம்பி உடனே பதில் போட்டார். "ஆன்ட்டி, இன்டர்நெட்ல பாருங்க, இருபதுதான்." கூடவே ஒரு சிரிக்கிற முகம். காபி ஆறிப்போனது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் பேரனின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குடியிருப்பே உன்னைப் போர்டக்கா என்று கூப்பிட்டது. நான் மட்டும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இங்கே இரண்டும் வேண்டாம், நீ என்றால் போதும்.

ஆவடியில் அப்போது நமக்குக் கிடைத்திருந்தது சேக்காட்டுப் பக்கம் ஒரே பிளாக்கில் எதிரெதிர் வீடு. தொழிற்சாலையிலும் ஒரே தையல் பிரிவு. ராணுவக்காரர்களின் கால்சட்டைக்கு நான் பாக்கெட் வைப்பேன், நீ பொத்தானுக்குக் காஜா போடுவாய். நான் திண்டுக்கல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கையில் ஜெபமாலையும் வாயில் தெற்கத்திப் பேச்சுமாக மிரண்டுபோய் நின்றேன். நீ பூந்தமல்லியில் பிறந்தவள். முதல் நாளே வந்து, "இன்னாமே, தண்ணி புடிக்கத் தெரியுமா, இல்ல அத்தையும் நான்தான் கத்துக் குடுக்கணுமா?" என்று கேட்டாய். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நீதான் எனக்கும் சேர்த்துக் குடம் போட்டு இடம் பிடித்திருந்தாய்.

நம் குடியிருப்பின் படிப்பகத்து வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் வருவது மூன்றே சேதிகள். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், சனிக்கிழமை திரை கட்டி என்ன படம் போடுவார்கள், யார் வீட்டில் துக்கம். மற்ற நாளெல்லாம் காலியாகக் கிடக்கும். எண்பத்து நாலில் நம் நாட்டுக்காரர் ஒருவர் முதன்முதலாக விண்வெளிக்குப் போனார் அல்லவா? மறுவருஷம் அதே ஏப்ரல் மூன்று, நாம் இருவரும் காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் நீ போர்டுக்கு முன்னால் நின்றுவிட்டாய்.

"போன வருசம் இன்னா ஆட்டம் ஆடினாங்கோ. இன்னிக்கு ஒருத்தனும் கண்டுக்கல பாரு," என்றாய். போர்டின் விளிம்பில் கிடந்த துண்டு சாக்பீஸை எடுத்து, 'இதே நாளில்' என்று எழுதி, அதன் கீழே அந்த விண்வெளிச் சேதியை இரண்டு வரியில் எழுதினாய். சங்கு ஊதிவிட்டது. இருவரும் ஓடினோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்த இரண்டு வரிக்கு முன்னால் ஆறேழு பேர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். இவள் இனி விடமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு பழைய டைரியைப் பிடித்தாய். எந்த வருஷத்து டைரி என்பது உனக்கு முக்கியமில்லை. ஒரு தேதிக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான். சுண்டல் மடித்து வந்த காகிதம், பழைய பேப்பர்க் கடைக் கட்டு, ரேடியோ, உன் மகள் அமுதாவின் பள்ளிப் புத்தகம் என்று எங்கே எது கிடைத்தாலும் அந்தந்தத் தேதியின் பக்கத்தில் ஏறிவிடும். இமயத்தின் உச்சிக்கு மனிதன் ஏறினது மே இருபத்தொன்பது. ஆகாய விமானம் முதன்முதலாகப் பறந்தது டிசம்பர் பதினேழு. விண்வெளிக்கு முதல் மனிதன் போனது ஏப்ரல் பன்னிரண்டு. சரியாக இருபது வருஷம் கழித்து அதே ஏப்ரல் பன்னிரண்டில், போய்விட்டுத் திரும்பி வருகிற ஓடம் ஒன்று முதன்முதலாகக் கிளம்பியது. இந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த அன்று, ஏதோ நீயே ஏற்பாடு செய்த மாதிரி மூன்று நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தாய்.

எழுதுவதில் உனக்கு முறைகள் இருந்தன. இரண்டு இடத்தில் பார்க்காமல் எழுத மாட்டாய். தையல் நாடாவைப் பிடித்து அளந்து கோடு போட்டுத்தான் வரி ஆரம்பிப்பாய். படிக்கத் தெரியாதவர்களும் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவாய். ஈரத்துணியும் தண்ணீர் டப்பாவும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை. நான்கு வருஷம் நின்றேன். உலக வரலாறு எனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் பங்குச் சாமியாருக்குக்கூடத் தெரியாது.

எண்பத்தொன்பது ஜூலைக்கு வருகிறேன். படிப்பகத்தின் செயலாளர் வேதாசலம் சாரை நீ மறந்திருக்க மாட்டாய். தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் மூத்தவர். தப்பு என்று கண்ணில் பட்டால் கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வாயால் ஒன்றைச் சரி என்று சொல்ல வைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். பிரவுன் அட்டை போட்ட தடிமனான ஆண்டு நூல் ஒன்று எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும்.

ஜூலை இருபது, வியாழக்கிழமை. செவ்வாய் கிரகத்தில் ஆளில்லாத கலம் ஒன்று இறங்கிப் படம் பிடித்து அனுப்பிய சேதியை நீ எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாய். அவர் வந்து நின்றார்.

"என்னம்மா, இன்னைக்கு என்ன நாள் தெரியுமா? நிலாவுல மனுஷன் எறங்கி இருபது வருஷம் ஆகுது. அத உட்டுட்டு செவ்வாய்க்குப் போயிட்டியே?"

"அது நாளைக்கி சார்."

"நாளைக்கா?"

"ஆமா சார், இருபத்தொண்ணு. நாளைக்கி வந்து பாருங்கோ, பெருசா எழுதறேன்."

அவர் அங்கேயே நின்று புத்தகத்தைப் பிரித்து, அந்த வரியில் விரலை வைத்து உன் முன்னால் நீட்டினார். ஜூலை இருபது என்றுதான் அச்சடித்திருந்தது. நீ படித்துப் பார்த்தாய். "புக்கு தப்பு சார்," என்றாய். அச்சடித்த புத்தகத்தை, அதுவும் அவருடைய புத்தகத்தை, காஜா போடுகிறவள் ஒருத்தி தப்பு என்கிறாள். அவருடைய காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை நீ எழுதினாய். 'இதே நாளில், 1969: மனிதன் முதன்முதலாக நிலவில் நடந்தான்.' இதுவரை எழுதாத அளவுக்குப் பெரிய எழுத்து. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வேதாசலம் சார் வந்து என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி, தானே அதைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழம கமிட்டி கூடுது. ஆதாரம் இருந்தா எடுத்துட்டு வா. இல்லேன்னா சாக்பீஸ் பெட்டியக் குடுத்துடு. டிராயிங் பிரிவுல டிப்ளமா படிச்சவரு இருக்காரு, அவரு எழுதட்டும். ஊருக்கே தப்பாச் சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு போர்டு எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நீ சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினாய்.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. அன்று நானும் உன்னை நம்பவில்லை. மத்தியானம் கேன்டீனின் பின்பக்கம் சாப்பிட உட்கார்ந்தபோது, "விட்டுடு. தெரியாம எழுதிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, முடிஞ்சு போகும். புத்தகத்துல போட்டிருக்கே," என்றேன்.

"தெரியாம எழுதலியே."

"அப்ப எப்படித் தெரியும்? நிலாவுக்கு நீ கூடப் போனியா?"

"நீயுமா ஸ்டெல்லா?" என்றாய். நான் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயே ஆரம்பித்தாய். "நான் எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலுன்னு சொல்லிகினு திரியறேன் இல்ல? அது பொய்யிமே. நான் அது வரைக்கும் போவவே இல்ல."

ஒன்பதாவது ஆரம்பித்து ஆறேழு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பிரேயரில் தலைமையாசிரியர் மேடையேறி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மனிதன் நிலவில் காலை வைத்தான், ரேடியோவில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் கத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வானத்தில் நிலா ஏது? நீயும் பார்த்துவிட்டுத் தலையை இறக்கினாய். கேட்டுக்கு வெளியே தோளில் துண்டோடு உன் நைனா நின்றுகொண்டிருந்தார். உன் அம்மா பாடிப் பக்கம் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. மத்தியானத்துக்குள் பெயரை அடித்து, மாற்றுச் சான்றிதழை வாங்கி, உன்னைக் கூட்டிப்போய்விட்டார்.

"எல்லாப் பசங்களும் குதிக்குதுங்கோ. எனக்கு மட்டும் அந்த கேட்டுதான் தெரியுது. அந்தத் தேதி எனக்கு மறக்குமா சொல்லு?" என்றாய். "காயிதம் ஊட்டுல கீது. தேதியோட கீது. ஆனா அத்தக் காட்டினா நான் எதுவரைக்கும் படிச்சேன்னு அல்லாருக்கும் தெரிஞ்சு பூடும். அமுதாகிட்ட கூட நான் பொய்தான் சொல்லி வெச்சிக்கிறேன்."

அமுதா அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். "போர்டு போனாப் போகட்டும்" என்றுதான் அப்போதும் சொன்னேன். நீ டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாய். சனிக்கிழமை முழுக்க உன் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நான் நேரே படிப்பகத்துக்கு வந்தேன். நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையிலெல்லாம் ஆள் உட்கார்ந்திருந்தது. தண்ணீர்ப் பிரச்சனைக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் மேஜைக்குப் பின்னால். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் வேதாசலம் சாரின் மனைவி கமலாம்மா, கையில் விசிறியோடு. நீ கடைசியாக வந்தாய், சாக்பீஸ் பெட்டி ஒரு கையில், மடித்த காகிதம் ஒரு கையில். பின்னாலேயே அமுதா வந்தாள். அவளை நீ வர வேண்டாம் என்று சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். நீயே கூட்டி வந்திருந்தாய்.

வேதாசலம் சார் ஆண்டு நூலைப் பிரித்துப் படித்தார். ஜூலை இருபது. மூடினார்.

"சார், அந்த புக்கு எந்த ஊருல அச்சடிச்சது?" என்று கேட்டாய்.

"டெல்லியில."

கூட்டம் சிரித்தது. வெளிநாட்டுப் புத்தகம் என்று சொல்லுவார், மடக்கலாம் என்று நீ நினைத்திருந்தாய் போல. முகம் சுண்டிவிட்டது. ஆனால் நீ மேஜைக்குப் போய் அந்தக் காகிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாய். அவர் வழக்கம்போலச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார். உன் பெயர், உன் நைனா பெயர், பள்ளியின் பெயர். "படித்துக்கொண்டிருந்த வகுப்பு, ஒன்பது" என்று படித்ததும் அவர் குரல் இறங்கியது. "பள்ளியை விட்டு நின்ற நாள், 21-7-1969." அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். "இதுல நிலாவைப் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா?"

நீ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாய். கேன்டீனின் பின்பக்கம் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னதை இப்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய். பிரேயர், தலைமையாசிரியர், கேட்டு, நைனா, தம்பி எல்லாம். "எஸ்.எஸ்.எல்.சி.ன்னு சொன்னது பொய்யி. அதுக்கு அல்லாரும் மன்னிச்சுக்கோங்கோ. ஆனா தேதியில நான் பொய் சொல்லல. இத்தனை வருசத்துல ஒரு தேதியில கூட நான் பொய் எழுதல," என்றாய். பேசும்போது அமுதாவைத்தான் பார்த்தாய். அவள் தலையைக் குனியவில்லை. அதை நான் கவனித்தேன்.

எல்லோரும் இரக்கப்பட்டார்கள், தெரிந்தது. ஆனால் இரக்கப்படுவதும் நம்புவதும் ஒன்றில்லையே! கமிட்டியில் ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சின்ன வயசு ஞாபகம், ஒரு நாள் முன்னே பின்னே இருக்கலாம்..." என்று ஆரம்பித்தார். இதோடு முடிந்தது, பெட்டி போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் கமலாம்மாவின் விசிறி நின்றது.

"ஏங்க," என்றார் வேதாசலம் சாரைப் பார்த்து. "உங்களுக்குச் சர்வீஸ்லயே ஒரே ஒரு லேட்டு விழுந்துதே, அது என்னைக்கு?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்களேன். அம்பத்தூர் ஸ்டேஷன் கிட்ட டீக்கடை ரேடியோவுல நிலாவுல கால் வைக்கறதக் கேட்டுக்கிட்டு நின்னு, வண்டிய விட்டுட்டு, ஆபீசுக்கு லேட்டாப் போயி, சிவப்பு மையில லேட்டுன்னு போட்டுட்டாங்கன்னு இருபது வருஷமா சொல்றீங்க இல்ல? நம்ம கல்யாணம் ஆன புதுசு. சாயங்காலம் வந்து சாப்பிடக்கூட இல்ல நீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஆபீஸ் நாள்ல தானே லேட்டு போடுவாங்க? இருபதாந்தேதி என்ன கெழமைன்னு பாருங்க."

அவருடைய புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நூறு வருஷத்துக்குக் கிழமை பார்க்கிற அட்டவணை ஒன்று உண்டு. அவர் புரட்டினார். விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார். குறுக்கே கொண்டுபோனார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதரின் விரலை நான் பார்த்துக்கொண்டிருந்ததே இல்லை.

"என்ன கெழம சார்?" என்று ஜன்னலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"ஞாயிறு," என்றார்.

"ஞாயித்துக்கெழம எந்த ஆபீசுங்க உங்களுக்கு லேட்டு போட்டுச்சு?" என்றார் கமலாம்மா. விசிறி மறுபடி ஆட ஆரம்பித்தது.

அந்தச் சிரிப்பு அண்ணனூர் ரயில் பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். தொலைபேசி நிலையத்தில் வேலை செய்த ஜான் அண்ணன் எழுந்து, வெளிநாட்டு டிரங்க் கால் போடுகிறவர் என்பதால் விளக்கமாகச் சொன்னார். "அமெரிக்காவுல ஞாயித்துக்கெழம ராத்திரி, நமக்குத் திங்கக்கெழம காலைல. அவங்க கடிகாரத்துக்கு இருபது, நம்ம கடிகாரத்துக்கு இருபத்தொண்ணு. புக்கு அவங்க கணக்க அப்படியே போட்டிருக்கு, அவ்ளோதான்." நீ உடனே, "போர்டு ஆவடியில தானேண்ணா கீது?" என்றாய். கைதட்டல், விசில், நாற்காலியைத் தட்டுகிற சத்தம். நான் அழுதுகொண்டே விசிலடிக்கப் பார்த்தேன், காற்றுதான் வந்தது.

வேதாசலம் சார் எழுந்து நின்றார். கூட்டம் அடங்கியது. "ஆதாரம் எங்கிட்டயேதான் இருந்திருக்கு, கடைசிப் பக்கத்துல. நான்தான் புரட்டல. தப்பு என்னுது," என்றார். மேஜையிலிருந்த சாக்பீஸ் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து உன்னிடம் கொடுத்தார். சான்றிதழையும் மடிப்பு மாறாமல் மடித்து அதன்மேல் வைத்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

திங்கட்கிழமை காலை போர்டுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். துடைத்த வரியை நீ மறுபடி எழுதுவாய் என்று வந்திருந்தார்கள். நீ அன்றைய தேதியைப் போட்டு, அன்றைய சேதியை எழுதிவிட்டு இறங்கினாய். "நிலா எங்கக்கா?" என்று கத்தினார்கள். "இன்னிக்கு இருபத்தி நாலு. போன தேதிய இன்னிக்கு எழுதினா அது இன்னா போர்டு? அடுத்த வருசம் வாங்கோ," என்றாய். எனக்கு உன்னைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளக்கூடத் தெரியாத பிறவி என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷம் வந்தது. தொண்ணூறு, ஜூலை இருபத்தொன்று. பொழுது விடிவதற்குள் பாதிக் குடியிருப்பு அங்கே நின்றது. வேதாசலம் சார் கலர் சாக்பீஸ் வாங்கி வந்திருந்தார். நீ எழுத எழுத அவரே உரக்கப் படித்தார். 'மனிதன் முதன்முதலாக நிலவில் நடந்தான்.' பக்கத்தில் மஞ்சளில் ஒரு வட்டம் போட்டு நீ நிலாவும் வரைந்தாய். தோசைக்கல் மாதிரி இருந்தது. ஆனாலும் யாரும் அதை மூன்று நாள் துடைக்க விடவில்லை, நீ இடத்தை ஒதுக்கிப் பக்கத்தில் எழுத வேண்டியதாயிற்று. அந்த நவம்பரில், பெர்லின் சுவர் திறந்த நாளை எழுதும்போது வேதாசலம் சார் புத்தகத்தோடு வந்து நின்று, "நம்ம கடிகாரத்துக்கு எந்தத் தேதிம்மா, ஒம்பதா பத்தா?" என்று உன்னிடம் கேட்டாரே, அதுதான் எனக்குப் பெரிய வெற்றி. நீ ஜான் அண்ணனிடம் விசாரித்துவிட்டுப் பத்து என்று எழுதினாய்.

இன்னொன்றும் நடந்தது. கமிட்டி கூடிய அன்று சாயங்காலமே அமுதா அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, எட்டாவது பாஸுன்னு இருக்கே. இத வெச்சித் தனித் தேர்வு எழுதலாம், எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க," என்றாளாம். இருபது வருஷம் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்த காகிதத்தைப் பிரதி எடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்தோம். மகள் படித்த புத்தகத்தையே நீ அடுத்து எடுத்துப் படித்தாய். வரலாற்றில் உன்னை யாரும் அசைக்க முடியவில்லை. கணக்கு ஒரு தடவை காலை வாரியது. இரண்டாவது தடவை வந்துவிட்டது. ரிசல்ட் பேப்பரில் உன் எண்ணை முதலில் பார்த்தது நான்தான். காஜா மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் என் தொண்டை கிழியக் கத்தியும் உனக்குக் கேட்கவில்லை. ஓடிவந்து உன் மிஷினை நிறுத்தினேன். சூப்பர்வைசர் கேட்டதற்கு, "இன்னிக்கு இவ பாஸ்" என்றேன்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

நீ அமெரிக்காவில் அமுதா வீட்டில் இருந்தாய், போன மார்கழியில். அவள்தான் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க," என்றாள். இருவரும் அழுதோம். பிறகு, "வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணின்னு இங்க சர்டிபிகேட்டுல எழுதிட்டாங்க ஆன்ட்டி. வருஷா வருஷம் எந்தத் தேதியில கும்பிடறது? அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள். நாட்டை விட்டே போய்விட்ட பெண், இதை என்னிடம் கேட்கிறாள். எனக்கு அழுகை நின்று, கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

வெள்ளிக்கிழமை என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். அவர்கள் காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த நேரத்தில் நான் அண்ணனூர் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் அப்போதுதான் வந்திருந்தது. கீரைக்காரம்மாவிடம் முருங்கைக்கீரைக் கட்டு சிறுத்துவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீ போனது வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. அதற்கு நான் சாட்சி. இல்லை என்கிறவர்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரட்டும்.